அறுபத்தைந்து பொற்காசுகள்

மே 4, ஞாயிறு

மகளுக்கு எட்டு வயது நிறைய இன்னும் பதின்மூன்று நாள்கள் இருக்கின்றன. இம்முறை கடற்கொள்ளையர் விருந்துதான் வேண்டும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு குழந்தைகள். நேரம் இரண்டு மணி. அதற்கு மேல் போனால் கொள்ளையர்கள் உண்மையாகவே சண்டையிடத் தொடங்கிவிடுவார்கள் என்பது சென்ற ஆண்டு நான் கற்ற பாடம். நான்கு வயதுத் தம்பியின் பெயரை மட்டும் பட்டியலில் சேர்க்க மறுக்கிறாள். குறிப்புகளைப் படிக்கத் தெரியாதவனுக்குப் புதையல் வேட்டையில் என்ன வேலை என்று கேட்கிறாள். அக்காலக் கொள்ளையரில் பலருக்கும் படிப்பு வராது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

மே 7, புதன்

இன்று வரைபடம் தயாரித்தேன், இருமுறை. வெள்ளைத் தாளில் தீவு, பனைமரம், குறுக்குக் குறி எல்லாவற்றையும் ஸ்கெட்ச் பேனாவால் அழகாக வரைந்து, பழமையான நிறம் வருவதற்காகத் தேயிலைச் சாற்றில் நனைத்தேன். ஒரே நிமிடத்தில் தீவு கரைந்து கடலோடு கலந்துவிட்டது. இரண்டாம் முறை, தாளைக் கசக்கி விரித்து, ஆறிய சாற்றைப் பஞ்சால் தடவி, முழுவதும் உலர்ந்த பிறகே வரைந்தேன். கசங்கிய மடிப்புகளில் சாறு தேங்கி, தாளெங்கும் நரம்பு ஓடியதைப் போல் கரும்பழுப்புக் கோடுகள் விழுந்திருந்தன. ஓரங்களைத் தீயில் கருக்கும் வழக்கத்தை நான் விரும்புவதில்லை. கையால் கிழித்தாலே போதும், பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கிறது.

மே 10, சனி

கறுப்புத் துணியில் ஒரு கண்மறைப்பைத் தைத்து, எலாஸ்டிக் கோத்து, தம்பிக்கு அணிவித்துப் பார்த்தேன். இரண்டாவது எட்டிலேயே நாற்காலியில் மோதிக்கொண்டான். ஒரு கண்ணை மூடினால் தொலைவைக் கணிப்பது கடினம் என்று தெரிந்திருந்தும் எனக்கு இது தோன்றாமல் போயிற்று. ஆகவே கண்மறைப்பைப் படம் எடுக்கும்போது மட்டும் அணியலாம். ஓடும்போது தலையில் கட்டும் துணி போதும். அட்டை வாள்களைப் பற்றி யோசித்து, அடுத்த நொடியே கைவிட்டேன். வாளுக்குப் பதில் ஆளுக்கொரு தொலைநோக்கி: கெட்டி அட்டைக் குழல், கறுப்புக் காகிதம், அவ்வளவுதான்.

மே 11, ஞாயிறு

யார் கப்பல் தலைவர் என்ற கேள்வி இன்று எழுந்தது. பிறந்தநாள் தன்னுடையது என்பதால் தானே தலைவர் என்றாள் மகள். கொள்ளைக் கப்பல்களில் தலைவரைப் பொதுவாக வாக்களித்தே தேர்ந்தெடுத்தார்கள், பிடிக்காவிட்டால் இறக்கியும் விட்டார்கள் என்று சொன்னேன். 1722-இல் இறந்த பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவரின் கப்பலில் எழுதி வைத்த விதிகளே இருந்தன; முதல் விதியே ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதுதான். இரவு எட்டு மணிக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அதை நான் சற்று அழுத்தமாகவே வாசித்துக் காட்டினேன்.

அவளுடைய காதில் விழுந்தது வேறு விதி. கொள்ளைப் பொருளில் தலைவருக்கு இரண்டு பங்கு, சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. அப்படியானால் தலைவருக்கு இரண்டு பங்கு வைக்கத்தான் வேண்டும் என்றாள். ஆளுக்கு ஐந்து காசு வீதம் பன்னிரண்டு பேருக்கு அறுபது, தலைவரின் கூடுதல் பங்கு ஐந்து. ஆக அறுபத்தைந்து என்று அவளே கணக்கும் போட்டுக் கொடுத்தாள்.

மே 14, புதன்

அறுபத்தைந்து வட்டங்களை அட்டையில் வெட்டிப் பொன்னிறக் காகிதம் ஒட்டி முடித்தேன்; கட்டைவிரலில் கத்தரிக்கோல் தழும்பு. காசுகள் உள்ளங்கை அகலம் இருக்கின்றன. சிறியதாக வெட்டினால் அழகுதான், ஆனால் தம்பி இன்னும் எதையும் வாயில் வைத்துப் பார்க்கிறவன். வெடித்த பலூன் துண்டுகளும் அதே ஆபத்து என்பதால் பலூன்களையும் விட்டுவிட்டேன். கொடியில் மண்டை ஓட்டுடன் ஒரு மணற்கடிகையும் வரைந்தாயிற்று. உன் நேரம் தீர்கிறது என்று எதிரியை மிரட்டக் கொள்ளையர் பயன்படுத்திய சின்னம் அது.

மே 16, வெள்ளி

பெட்டியை மறைத்தாயிற்று. குறிப்புகள் ஆறு, எழுத்தோடு ஒவ்வொன்றிலும் ஒரு படமும் வரைந்திருக்கிறேன், ஏன் என்று மகள் கேட்கவில்லை.

தூங்கப் போகும் முன், தேர்தலில் வேறு யாராவது வென்றுவிட்டால் இரண்டு பங்கும் அவர்களுக்கா என்று மெல்லக் கேட்டாள். ஆம் என்றேன். வெகுநேரம் விட்டத்தைப் பார்த்திருந்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே பங்குதான் நியாயம் என்று விதியைத் திருத்தினாள். அப்படியென்றால் ஐந்து காசுகள் மிஞ்சுமே என்றேன். பக்கத்துக் கட்டிலில் தலைத்துணியை அவிழ்க்காமலே தூங்கிவிட்ட தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

“கிளியாக வரட்டும். ஆனால் பேசக் கூடாது.”

பட்டியலில் பதின்மூன்றாவது பெயரை எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன். மணி ஒன்பதரை.