குழாய்தான் எஞ்சின்

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டறையில் எனக்கு இது பதினோராவது வருடம். செம்பனை ஆலைக்குச் சரிவுத் தொட்டி, உணவுத் தொழிற்சாலைக்குக் குழாய், சாப்பாட்டுக் கடைக்குப் புகைக்கூண்டு, இவைதான் அன்றாட வேலை. நான் பற்றவைத்துக் கொடுக்கும் குழாய்க்குள் வேறு யாரோ செய்த இயந்திரம் எண்ணெயையோ பாலையோ தள்ளும். இயந்திரம் என்றால் அது, குழாய் என்றால் வெறும் வழி. போன வருடம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாலிடெக்னிக்கிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு ஒரு தம்பி வந்திருந்தான். ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான்காக மடித்த காகிதத்தை நீட்டி, "அண்ணே, இதைப் பற்றவைத்துத் தர முடியுமா?" என்றான். விரித்துப் பார்த்தேன். தடித்த ஒரு டப்பா, அதிலிருந்து குறுகும் ஒரு கூம்பு, அப்புறம் நீளமாக ஒரு குழாய், அவ்வளவுதான்.

"என்ன இது, புகைபோக்கியா?"

"இல்லண்ணே, ஜெட் எஞ்சின். பல்ஸ் ஜெட்."

"உள்ளே சுற்றுகிற பாகம் எங்கே?"

"எதுவும் சுற்றாதுண்ணே."

நான் நம்பவில்லை. எங்கள் போர்மேன் அண்ணன் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்துவிட்டு வந்தவர், சுலபத்தில் எதற்கும் தலையாட்ட மாட்டார். கடைசியில், "சனிக்கிழமை அரை நாள் முடிந்ததும் செய்யுங்கள், மிச்சத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், முதலாளியிடம் நான் சொல்கிறேன்" என்றார்.

இது எப்படி ஓடுகிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்திலேயே சொல்கிறேன். டப்பாவுக்குள் காற்றும் எரிவாயுவும் கலந்திருக்கிறது, தீப்பொறி பட்டதும் பற்றி எரிகிறது, அழுத்தம் ஏறி நீளக் குழாய் வழியாக வெளியே பாய்கிறது. இதுவரை யாருக்கும் புரியும். அடுத்தது எனக்குப் பிடிபட இரண்டு வாரம் ஆனது. குழாய்க்குள் ஓடுகிற சூடான வாயுவுக்கும் எடை இருக்கிறது, ஓட்டம் பிடித்த லோரி பிரேக் போட்ட இடத்திலேயே நிற்காத மாதிரி அதுவும் டப்பாவில் அழுத்தம் தீர்ந்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் டப்பாவுக்குள் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் உண்டாகி, முன்பக்கத்திலிருந்து புதுக் காற்றை இழுத்துக்கொள்கிறது. அதற்குள் குழாயின் வாலில் இருக்கும் வாயு திரும்பி உள்ளே வந்து, புதுக் கலவையைக் கொஞ்சம் அழுத்தி, தன் சூட்டாலேயே பற்றவைத்துவிடுகிறது. தீப்பொறி முதல் ஓரிரு நொடிக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு வயரைக் கழற்றிப் போட்டாலும் ஓடும். அதை ஓட வைப்பது வெடிப்பைவிட, வெடிப்புக்குப் பிறகு உண்டாகும் அந்த வெற்றிடம்தான் என்று நான் சொல்வேன்.

முன்பக்கத்தில் காற்றை உள்ளே விடவும் எரியும்போது மூடவும் மெல்லிய எஃகு இதழ்கள் வேண்டும். நாதஸ்வரத்தின் சீவாளி மாதிரி என்று சொன்னதும் போர்மேன் அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது, அவருடைய அப்பா தோட்டத்துக் கோயிலில் வாசித்தவர். அலுமினியத் தட்டைக் கடைசல் பிடித்து, பத்து ஓட்டை போட்டு, 0.2 மில்லிமீட்டர் ஸ்பிரிங் எஃகில் பூ மாதிரி இதழ் வெட்டினோம்.

முதல் சனிக்கிழமை ஓடவில்லை. இலை ஊதும் ப்ளோவரால் காற்றடித்து, மோட்டார் சைக்கிள் ப்ளக்கில் பொறி கொடுத்தால் "டப்... டப்..." என்று வெடிக்கும், ப்ளோவரை எடுத்ததும் செத்துவிடும். இருபது தடவைக்கு மேல் முயன்றிருப்போம். வெல்டிங்கில் எங்கோ ஊசித்துளை இருக்கிறதென்று நான் சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தேன், ஒரு குமிழி கூட இல்லை. என் தொழில் அறிவு அங்கேயே நின்றுவிட்டது. வழி ஒழுகவில்லை என்றால் வழியில் குற்றம் இல்லை, அப்படித்தானே நான் பழகியிருக்கிறேன்.

குற்றம் நீளத்தில் இருந்தது. படத்தில் இருந்ததைவிடப் பெரிய டப்பாவை நாங்கள் மிச்சத் துண்டிலிருந்து எடுத்திருந்தோம், வால் குழாயை மட்டும் படத்தில் உள்ளபடியே, மொத்த நீளம் 95 சென்டிமீட்டர் வருமாறு வெட்டியிருந்தோம். அடுத்த வாரம் 15 சென்டிமீட்டர் ஒட்டுப் போட்டு, முனையைக் கொஞ்சம் விரித்துவிட்டோம். வேறு எதையும் தொடவில்லை. ப்ளோவரை வைத்து, வாயுவைத் திறந்து, பொறி கொடுத்த மூன்றாவது நொடியில் பிடித்துக்கொண்டது. டப் டப் என்ற தனித்தனி வெடிப்புகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே முழக்கமாக மாறிய அந்தக் கணத்தை நான் மறக்க மாட்டேன், மார்புக்கூட்டுக்குள் யாரோ தவில் அடித்த மாதிரி இருந்தது. தம்பி ப்ளோவரைத் தூக்கிக்கொண்டு விலகினான். அது பாட்டுக்கு ஓடியது.

கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை வைத்து அளந்தோம், நொடிக்கு 150-ஐ ஒட்டிக் காட்டியது. தம்பி தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டான். ஒரு முனை மூடிய குழாய் என்றால் ஒலியின் வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரணக் காற்றில் ஒலி நொடிக்கு 350 மீட்டர் போகும், எரிந்த வாயுவில் சராசரி 650 என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் மொத்த நீளம் 1.1 மீட்டர். வகுத்தால் 148. எங்கள் பட்டறைத் தரையில் எழுதிய எந்தக் கணக்கும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. திமிரி நாதஸ்வரம் குட்டை, சுருதி அதிகம், பாரி நீளம், சுருதி இறங்கும் என்று போர்மேன் அண்ணன் தன் வழியில் அதையே சொன்னார்.

"ஜெர்மன்காரன் செய்ததற்கும் இந்தக் கணக்குச் சரியாக வரும்ண்ணே" என்று தம்பி சொன்னபோதுதான் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏவிய வி-1 என்ற பறக்கும் குண்டு பற்றி எனக்குத் தெரிந்தது. மியூனிக்கில் பவுல் ஷ்மிட் என்பவர் ஆராய்ந்ததும் ஆர்கஸ் நிறுவனம் தனியாக முயன்றதும் சேர்ந்து உருவானது அதன் எஞ்சின். நீளம் மூன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம், நொடிக்கு ஏறக்குறைய 45 துடிப்பு, கணக்கு அப்படியே பொருந்துகிறது. 1944 ஜூன் 13-ஆம் தேதி முதல் லண்டன் மேல் விழத் தொடங்கியது. அந்தச் சத்தத்தால்தான் அங்கே அதற்கு ரீங்கரிக்கும் குண்டு என்று பெயர். அதே நாட்களில் ஜப்பான்காரன் பிடியில் இருந்த நம் பினாங்குத் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வந்து தங்கிப் போய்க்கொண்டிருந்தன என்பதையும் அப்போதுதான் தேடிப் படித்தேன்.

அதன் குழாய் சாதாரண இரும்புத் தகடுதான். சிவக்கச் சூடானால் செதில் செதிலாக உரிந்துபோகும் இரும்பு. அரை மணி நேரம் தாங்கினால் போதும் என்று செய்தார்கள், ஏனென்றால் அது திரும்பி வரப்போவதில்லை. அவற்றில் பலவற்றை நாஜிகளின் மிட்டல்பாவ்-டோரா முகாமின் கைதிகளைச் சுரங்கத்துக்குள் அடைத்துவைத்துச் செய்ய வைத்தார்கள், அந்த முகாமில் ஏறக்குறைய 20,000 பேர் செத்திருக்கிறார்கள். நான் பற்றவைப்பவன். கட்டாயத்தின் பேரில், பசியோடு, இருட்டில் தகடுகளைச் சேர்த்துக்கொண்டிருந்த அந்தக் கைகளை நினைக்காமல் இனி இந்த எஞ்சினைப் பற்றிப் பேச எனக்கு மனம் வராது. தம்பியின் அறிக்கையில் வரலாற்றுப் பகுதியில் அதையும் எழுதச் சொன்னேன். எழுதினான்.

சரி, எங்கள் குழாய்க்கு வருகிறேன். நான்கு நிமிடம் ஓடியதும் இழுப்பு குறைந்து நின்றுவிட்டது. கழற்றிப் பார்த்தால் இதழ்களின் நுனி கருகிச் சுருண்டிருந்தது, இரண்டில் வெடிப்பு. நிமிடத்துக்கு 9,000 தடவை திறந்து மூடினால் எந்த இதழ் தாங்கும்? இதழ் அதிகமாக வளையாதபடி பின்னால் வளைந்த ஒரு தாங்குதட்டு வைத்தோம், ஆயுள் கொஞ்சம் கூடியது. ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் இதழ் வெட்டுவதிலேயே பாதி நேரம் போனது.

அதனால் இதழே இல்லாத வகைக்கு மாறினோம். டப்பாவின் பக்கவாட்டில் குட்டையான ஒரு உறிஞ்சு குழாய், அது எப்போதும் திறந்தே இருக்கும். எரியும்போது அந்த வழியாகவும் வாயு வெளியே வரும், அதனால் அதன் வாயையும் பின்பக்கம் பார்க்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். குட்டைக் குழாயில் இருக்கும் வாயு சீக்கிரம் வெளியேறி, புதுக் காற்று சீக்கிரம் உள்ளே வரும். நீளக் குழாயில் இருப்பது நிதானமாகப் போய் நிதானமாகத் திரும்பும். இந்த நேர வித்தியாசம்தான் கதவு. அசையும் உறுப்பு ஒன்றுகூடக் கிடையாது. குழாயின் நீளமும் விட்டமும் வைத்தே ஒருவன் கதவு செய்திருக்கிறான் என்பது புரிந்த அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு பைக் ஓட்டினேன்.

எரிவாயு ஒரு தனிப் பாடு. வீட்டு அடுப்பு ரெகுலேட்டரில் அழுத்தம் போதாது, சார் குவே தியாவ் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர்கள் வைத்திருக்கும் பெரிய ரெகுலேட்டர் வேண்டும். அது வந்ததும் வேறு தொல்லை. இவ்வளவு வேகமாக வாயுவை இழுத்தால் தோம்புக்குள், அதாவது எரிவாயு சிலிண்டருக்குள், திரவம் ஆவியாகி ஆவியாகி அதுவே குளிர்ந்துபோகிறது, பினாங்கு வெயிலில் தோம்பின் அடியில் வெள்ளையாக உறைபனி. அழுத்தம் இறங்கி எஞ்சின் அணையும். தோம்பை நிமிர்த்தியபடியே பெரிய வாளியில் குழாய்த் தண்ணீரில் வைத்தோம், சரியாகிவிட்டது. யாராவது இதைப் படித்துவிட்டுத் தோம்பைச் சூடுகாட்டி அழுத்தம் ஏற்றலாம் என்று நினைத்தால் தயவுசெய்து வேண்டாம், எங்கள் தொழிலில் அப்படி ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டு யாரும் சும்மா நிற்க மாட்டோம்.

நான் செய்த தவறு ஒன்று. உறுதியாக இருக்கட்டும் என்று குழாயின் இரண்டு முனையையும் சட்டத்தில் பற்றவைத்துவிட்டேன். ஸ்டெயின்லெஸ் சாதாரண இரும்பைவிட அதிகமாக நீளும், ஒரு மீட்டர் குழாய் 700 டிகிரி சூடேறினால் 12 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். போக இடம் இல்லாததால் வில் மாதிரி வளைந்து, கூம்பின் ஓரத்தில் என் பற்றவைப்பு விரிந்தது. என் வெல்டிங் விரிந்ததைப் பார்க்க எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. இப்போது முன்முனையை மட்டும் பிடித்திருக்கிறோம், பின்முனை வளையத்துக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

ஓடி ஆறிய பிறகு அந்தக் குழாயைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய இன்பம். ஓடும்போது டப்பாவும் கூம்பும் செர்ரிச் சிவப்பில் இருக்கும், அது ஏறக்குறைய 800 டிகிரி. ஆறியதும் அந்த இடம் மங்கிய சாம்பல், அதற்கு அடுத்து அடர் நீல வளையம், அது 600 வரைக்கும் போன இடம், அப்புறம் 450-ஐ ஒட்டி ஊதா, கடைசியில் உறிஞ்சு குழாயின் வாயில் 300 டிகிரியில் வரும் வெளிர் மஞ்சள். என் வாழ்க்கையில் இந்த நிறங்களை நான் பற்றவைப்பின் குற்றமாகத்தான் பார்த்திருக்கிறேன், உணவுத் தொழிற்சாலைக்காரர் நீலம் தெரிந்தாலே திருப்பி அனுப்பிவிடுவார், அமிலம் தடவித் தேய்ப்போம். இங்கே அதே நிறம் எங்கே எவ்வளவு சூடு என்று எழுதிக் காட்டுகிறது. தம்பிக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவன் சொல்லி நான் கற்றது.

செயல்திறனைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், மிகவும் குறைவு. சட்டத்தைச் சின்னச் சக்கரங்கள் மேல் வைத்து, பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கட்டி இழுக்க வைத்தோம். 2.3 கிலோ காட்டியது. மூன்று நிமிடம் ஓடியதில் தோம்பின் எடை 460 கிராம் குறைந்திருந்தது. அதாவது மணிக்கு 9 கிலோவுக்கு மேல், ஒரு கிலோ உந்துவிசைக்கு மணிக்கு 4 கிலோ எரிவாயு. பயணிகள் விமானத்தின் எஞ்சின் வானில் போகும்போது இதே ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய அரை கிலோவில் முடித்துவிடும். காரணம் எளிது. மோட்டார் சைக்கிள் எஞ்சின்கூடக் கலவையைப் பத்து மடங்கு நெருக்கிவிட்டுத்தான் எரிக்கிறது, இங்கே கிடைப்பது திரும்பி வரும் வாயு கொடுக்கும் லேசான நெருக்கல் மட்டும். எரிந்த சூட்டில் பெரும்பகுதி வெளியே போகிறது. ஆனால் 2.3 கிலோ தள்ளும் ஒரு ஜெட் எஞ்சினை மிச்சத் துண்டுகளில் பற்றவைப்பவன் ஒருவன் செய்துவிட முடிகிறதே, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

சத்தம்தான் உண்மையான பிரச்சினை. பாதுகாப்பு அதிகாரியின் மீட்டரைக் கடன் வாங்கி மூன்று மீட்டர் தூரத்தில் வைத்தபோது 119 டெசிபெல். 2019-இல் வந்த நம் நாட்டு விதிப்படி எட்டு மணி நேர வேலைக்கு 85 எல்லை, ஒரு நொடிக்குக்கூட 115-ஐத் தாண்டக் கூடாது. மீட்டரைப் பார்த்ததும் நான் வாயுவை மூடிவிட்டேன். எனக்கு வலது காதில் எப்போதும் ஒரு ரீங்காரம் உண்டு. இருபது வயதில் வேலை பார்த்த ஒரு பட்டறையில் தினமும் பத்து மணி நேரம் கிரைண்டர் பிடிக்க வைத்தார்கள், காதடைப்பான் கேட்டதற்குப் பஞ்சைக் கொடுத்தார்கள். அந்தக் காது எனக்குத் திரும்பி வராது. தம்பிக்கு அது நடக்க விட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நீளமான குழாய் போட்டு வாயு வால்வைப் பதினைந்து மீட்டர் தள்ளி வைத்தோம், காதுக்குள் அடைப்பான், அதற்கு மேல் மூடி, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம், அதுவும் திறந்த வெளியில் மட்டும், ஏனென்றால் அரைகுறையாக எரிந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருக்கும்.

தம்பியின் பயிற்சி முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அறிக்கைக்கு நல்ல மதிப்பெண் வந்ததாகப் போன் செய்தான். எஞ்சின் எங்கள் பட்டறையிலேயே, ஆர்கான் சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரில் தொங்குகிறது. லோரி ஓட்டிகள் பார்த்துவிட்டு, "எந்த ஆலைக்குப் போகிற குழாய் இது?" என்று கேட்பார்கள். எந்த ஆலைக்கும் போகாது, இதுவே எஞ்சின் என்று நான் நின்று நிதானமாக விளக்குவேன், சில நாள் சாப்பாட்டு நேரம் அதிலேயே போய்விடும்.

இப்போது நீளக் குழாயையும் உறிஞ்சு குழாயையும் ஒரே கோட்டில் வைத்து நடுவில் யு மாதிரி வளைத்த வகையைச் செய்யப் பார்க்கிறோம், அமெரிக்காவில் 1960-களில் லாக்வுட், ஹில்லர் பெயரில் வந்த அமைப்பு அது. பற்றவைக்கும் சூட்டால் ஒட்டின் ஓரம் பின்னால் துரு பிடிக்காமல் இருக்க இந்த முறை கார்பன் குறைந்த 304எல் குழாயைப் போர்மேன் அண்ணன் தன் காசிலேயே வாங்கி வந்திருக்கிறார். வளைவு நேற்று வந்தது. தம்பி சனிக்கிழமை பட்டர்வொர்த்தில் இறங்கி வருகிறேன் என்றான், அவன் வரும்வரை வெட்ட வேண்டாம், நீளத்தை அவனே குறிக்கட்டும் என்று சாக்கட்டியை மேசை மேல் வைத்திருக்கிறேன்.