ஒரு கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாயா?

காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. எழுபது மரம் பெங்களூரா, கூழ் ஃபேக்டரிக்குப் போய்விடும். மிச்சம் முப்பதும் செந்தூரா. இதுதான் ஒரு வருஷம் கொட்டிக் கொடுத்துவிட்டு மறு வருஷம் வெறும் இலையாக நிற்கும்.

போன வைகாசியில் பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் இதற்கு வழி கேட்டேன். "மரத்துக்கு 40 மில்லி கல்டார் ஊத்துங்கண்ணா, பூ வந்தே தீரும்" என்றார். சின்ன மரத்துக்குமா என்றேன். "எல்லாத்துக்கும் அதேதான்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. கல்டாரில் இருப்பது பேக்லோபியூட்ரசால். துளிர் ஓட்டத்தை அடக்கி மரத்தைப் பூவுக்குத் திருப்புகிற சரக்கு. அளவு மீறினால் கிளை குட்டையாகி, பூங்கொத்தும் நெருங்கிச் சுருங்கிப் போகும். மண்ணில் விழுந்தால் லேசில் அழியாது. சரி, ஆராய்ச்சி செய்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போமே என்று ஃபோனை எடுத்தேன்.

கொங்கண் பகுதியில் அல்போன்சா மாமரங்களில் செய்த ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. சுருக்கம் மட்டும் இலவசம். "மீட்டருக்கு 0.75 கிராம்" என்பதோடு நின்றுவிட்டது. எந்த மீட்டர், எது கிராம்? முழுக் கட்டுரைக்கு 36 டாலர், நம் காசில் மூவாயிரத்துக்கு மேல். ஒரு கட்டுரைக்கு! அந்தக் காசுக்கு நான்கு வண்டி தொழு உரம் வாங்கிப் போடலாம்.

அக்கா மகள் தர்மபுரியில் ஒரு அரசுக் கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். "மாமா, 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்திருக்கு. எங்க காலேஜ்ல தேடிப் பார்க்கிறேன்" என்றாள். 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசுக் கல்லூரிகளுக்கும் மத்திய ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் சேர்த்து மத்திய அரசே காசு கட்டியிருக்கிறது. ஆனால் அங்கே படிக்கிறவர்கள், பாடம் நடத்துகிறவர்கள், ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான், தோப்புக்காரனுக்கு அதில் வாசல் இல்லை. நான் தேடிய இதழும் அந்தப் பட்டியலில் இல்லை.

அவள்தான் இன்னொரு வழி சொன்னாள். சுருக்கத்துக்குக் கீழேயே எழுதியவரின் மின்னஞ்சல் இருக்கும், நேரே கேளுங்கள் என்று. எனக்குக் கூச்சம். நாலு வரி எழுதினேன்: நான் விவசாயி, முப்பது செந்தூரா மரம், உங்கள் கட்டுரை என் சொந்தப் படிப்புக்கு வேண்டும். முதல் முகவரிக்குப் போனது திரும்பி வந்துவிட்டது, ஓய்வு பெற்றுவிட்டார் போல. இரண்டாமவருக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பி.டி.எஃப். வந்தது, கூடவே "உங்கள் மரத்தின் விரிவு எவ்வளவு?" என்று ஒரு கேள்வியும்.

காத்திருந்த இரண்டு நாளில் வேறு இடங்களையும் துழாவினேன். கிருஷிகோஷ் என்ற இணையதளத்தில், வேளாண் பல்கலைக்கழக மாணவர்கள் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேடுகள் கிடைக்கின்றன. என்னைக் கேட்டால் கட்டுரையைவிட ஆய்வேடுதான் நமக்கு உதவும். குழி எங்கே வெட்டினார்கள், மண்ணில் ஈரம் இருந்ததா என்று பக்கம் பக்கமாக இருக்கும். ஐ.சி.ஏ.ஆர். என்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் இதழ்களை அவர்கள் தளத்திலேயே காசில்லாமல் படிக்கலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தலைப்புக்குக் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்பதை அழுத்தினால், சில சமயம் அதே கட்டுரை வேறு இடத்தில் இலவசமாகக் கிடக்கும்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். மீட்டர் என்றது மரத்தின் தலைவிரிவு, அதாவது கிளைகள் படர்ந்திருக்கும் குறுக்களவு. கிராம் என்றது மருந்துச் சத்து. 25 சத டப்பாவில் 0.75 கிராம் என்றால் 3 மில்லி. கோவை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையில் காய்ப்பில்லாத வருஷத்துக்கு மரத்துக்கு 10 கிராம், அதாவது 40 மில்லி. கடைக்காரர் காற்றிலிருந்து சொல்லவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் கொங்கண் கணக்கில் 40 மில்லி வேண்டுமென்றால் மரம் 13 மீட்டருக்கு விரிந்திருக்க வேண்டும். எங்கள் தோப்பில் மரத்துக்கு மரம் இடைவெளியே 10 மீட்டர்தான்.

டேப் வைத்து அளந்தேன். பெரும்பாலும் 6 மீட்டர். கொங்கண் கட்டுரையையும் கோவைப் பரிந்துரையையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் காட்டினேன். முதலில் ஆறு மரத்தில் மட்டும் செய்து பாருங்கள், மற்றதை விட்டுவிடுங்கள் என்றார்கள். ஆவணி கடைசியில், நல்ல மழைக்கு மறுநாள், ஆறு மரத்துக்கும் 18 மில்லி வீதம் தண்ணீரில் கலந்து ஊற்றி, தண்டில் சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறேன். பூவைத் தை மாதம் பார்க்க வேண்டும்.