ஆயிரம் விளக்கும் ஒரு அணாவும்
காலையில் மாநகராட்சிப் பள்ளியைத் தாண்டும்போது சாம்பார் வாசம் வந்தது. பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். மனசு நிறைந்துவிட்டது.

இப்படிப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதன் தொடக்கம் 1920. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு (ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு) மேல் செலவு கூடாது என்று கணக்கு. பசியோடு வரும் ஏழைப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று ஓர் உள்ளாட்சி மன்றம் அன்றைக்கே யோசித்திருக்கிறது! அப்புறம் இன்னும் சில பள்ளிகளுக்கும் போனது. ஆங்கிலேய அரசு செலவுக்குத் தடை போட, 1925இல் நின்றது.

நான் பார்த்த அந்த வரிசைக்குக் காரணமான தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கியது 2022 செப்டம்பரில்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. இந்தச் சாம்பாரில் விழும் கத்தரிக்காயும் முருங்கையும் பக்கத்து ஊர் விவசாயியிடம், உழவர் சந்தை விலைக்கே வாங்கியதாக இருக்க வேண்டும். கேழ்வரகும் சாமையும் தட்டில் அடிக்கடி வர வேண்டும். அடுத்த கிராம சபையில் எங்கள் சொந்த ஊரில் இதை மனுவாகவே கொடுக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் கேளுங்கள்.