எழுபது நிமிடங்கள்

2019 ஜனவரி 15, செவ்வாய்

பொங்கல். நீச்சல் குளம் பூட்டு. ஒரு நாள் நீந்தாவிட்டால் கை எல்லாவற்றையும் மறந்துவிடுமோ என்று காலையிலிருந்து பதற்றம். கோயிலில் கும்பிட்டு நின்றபோதும் மனம் கணக்கிலேயே இருந்தது. பெப்ரவரி 24 கொழும்பில் ட்ரையத்லன் பந்தயம்: நீச்சல், சைக்கிள், ஓட்டம், ஒன்றன்பின் ஒன்றாக. முதலில் கடல் நீச்சல்: 1.9 கிலோமீற்றர், 70 நிமிடம். நூறு மீற்றருக்கு 3 நிமிடம் 41 வினாடி. அதைத் தாண்டினால் சைக்கிளைத் தொடவே விடமாட்டார்கள்.

ஜனவரி 17, வியாழன்

ஐம்பது மீற்றர் குளத்தில் 38 நீளம். 56 நிமிடத்தில் முடித்தேன். பயிற்சி தருகிற சேர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "மிஸ், தண்ணீரோடு சண்டை பிடிக்கிறீர்கள். தோளைத் தளர விடுங்கள்" என்றார். கடற்படையில் இருந்து இளைப்பாறியவர். அவருடைய தமிழ் திருகோணமலையில் பழகிய தமிழ்.

குளத்தின் அடியில் கறுப்புக் கோடு இருக்கிறது. கடலில் எதைப் பார்த்துக்கொண்டு போவது?

ஜனவரி 20, ஞாயிறு

நாலரைக்கு வெள்ளவத்தையில் இருந்து புறப்பட்டோம். காலி வீதியில் பஸ்கள் பெருகுவதற்கு முன் மொறட்டுவையைக் கடந்துவிட வேண்டும். பாணந்துறைக்கு அப்பால் இருட்டுக் கலைந்தது. களுத்துறைப் பாலத்தடியில் வாகனங்களை நிறுத்தி, போதி மரத்துக்கு உண்டியலில் காசு போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களும் இறங்கி ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். வரும் வழியில் நல்ல வெயில். தெகிவளைப் பாலத்தில் ஒரு தனியார் பஸ் முழங்கையை உரசுகிற அளவுக்கு வந்தது. ஹோர்னும் அடிக்கவில்லை.

ஆனாலும் சைக்கிளில் எனக்குப் பயம் வருவதில்லை. பெற்றோல் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பெண்பிள்ளை எவளுக்கும் வராது. அரிசி மூட்டை, நோயாளி, கல்யாணப் பலகாரம் எல்லாம் சைக்கிளில்தான் போயின. அந்தக் கால்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

ஜெல் பைக்கற்றைவிட எள்ளுருண்டை வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறது. மூன்றாவது மணித்தியாலத்தில்கூட இறங்குகிறது. குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 23, புதன்

அம்மா சமையலறை ஜன்னலை இன்றும் திறக்கவில்லை. கடுகு தாளித்த புகை முழுவதும் வீட்டுக்குள்.

ஜனவரி 27, ஞாயிறு

கல்கிசை. முதல் கடல்.

ஐந்தே முக்காலுக்குக் கரையில் நின்றோம். வாடைக்காலம் என்பதால் மேற்குக் கடல் எண்ணெய் விட்டதுபோல் அடங்கிக் கிடந்தது. அம்மாவின் ஊர்ப்பக்கம் இதற்கு நேர்மாறு. வாடை வந்தால்தான் அங்கே கடல் குமுறும். சிறு வயதில் வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று காற்றுகளின் பெயரை விரல்விட்டுச் சொல்லித் தந்தவர் அம்மாதான்.

இறங்கியதும் கொஞ்சத் தூரம் நன்றாகவே போனது. பிறகு கீழே பார்த்தேன். பச்சை. அதற்குக் கீழே இன்னும் இருண்ட பச்சை. அதற்குக் கீழே கண் போகவில்லை. இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதை விடாமல் அடுத்ததை இழுக்கப் பார்க்கிறேன், இடமில்லை. தொப்பி தலையை நெரிக்கிறது. கண்ணாடியைக் கழற்றி எறியவேண்டும் போல் இருக்கிறது. கரை பக்கத்தில்தான் இருக்கிறது, அது தெரிகிறது, தெரிந்தும் பயனில்லை.

சேர் வந்து மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்தேன். காதுக்குள் தண்ணீர் புகுந்து எல்லாச் சத்தமும் அடைத்துக்கொண்டது. கோட்டைக்குப் போகிற ரயில் மட்டும் எங்கோ கடகடத்தது. "உள்ளே இருப்பதை முழுவதும் ஊதி விடுங்கள். இழுப்பது தானாக நடக்கும்" என்றார். ஊதினேன். நடந்தது.

பிறகு திரும்பிப் படுத்து நீந்தினேன். பத்துக் கைவீச்சுக்கு ஒரு தரம் தலையை உயர்த்தி, முனையில் இருக்கிற வெள்ளை ஹோட்டலைக் குறிபார்த்துக்கொண்டு. கறுப்புக் கோட்டுக்குப் பதில் அந்த வெள்ளைச் சுவர். எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை, சேரும் சொல்லவில்லை.

இடது மணிக்கட்டில் சிவப்பாகக் கீறு விழுந்திருக்கிறது. அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே பார்த்து, "சொறிமுட்டை" என்றார். ஜெலிமீனைத்தான் சொல்கிறார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பெப்ரவரி 1, வெள்ளி

கழுத்தில் உப்பு அறுத்த இடம் எரிகிறது. வஸ்லின் வாங்கவேண்டும்.

பெப்ரவரி 4, திங்கள்

சுதந்திர தினம். காலிமுகத்திடலில் அணிவகுப்பு. மரைன் டிரைவில் தெகிவளைப் பக்கமாக ஓடினேன். ஈரக்காற்று. அரை மணித்தியாலத்தில் சப்பாத்துக்குள் சளசளவென்று வியர்வை. ஜீவனி உப்புச்சர்க்கரைத் தூள் ஒரு பைக்கற் கரைத்துக் குடித்தபின்தான் தலை நேரானது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது ஆளையே சாய்த்துவிடும் என்று சேர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். பந்தயத்தன்று ஒவ்வொரு போத்தலிலும் ஒரு பைக்கற்.

பெப்ரவரி 8, வெள்ளி

தூக்கம் வரவில்லை. ஆழிக்குமரன் ஆனந்தனைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, நீந்தியே திரும்பியவர். 51 மணித்தியாலம். இரண்டு இரவு தண்ணீரில். நான் 70 நிமிடத்துக்குப் பயந்து கிடக்கிறேன்.

1979இல் இதே கொழும்பில், விஹாரமகாதேவி பூங்காவைச் சுற்றிச் சுற்றி 187 மணித்தியாலத்துக்கு மேல் இறங்காமல் சைக்கிள் மிதித்திருக்கிறார். அந்தப் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருவால்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். ஒரு கல்லாவது அங்கே அவர் பெயரைச் சொல்லக்கூடாதா? உலகம் முழுக்கப் பதிவான சாதனை அது. எங்கள் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

1984இல் ஆங்கிலக் கால்வாயில் இறந்துபோனார். நடு இரவில் அந்த வரியை வாசித்திருக்கக்கூடாது.

அம்மாவும் வல்வெட்டித்துறைதான். காலையில் கேட்கலாமா?

பெப்ரவரி 9, சனி

கேட்டேன். "எங்கள் ஊரில் அவரைத் தெரியாதவர் யார்?" என்றார் அம்மா. முகம் மலர்ந்தது. வெங்காயம் உரித்த கையோடு கொஞ்ச நேரம் பேசினார். அவர் மெலிந்த ஆள் என்றும், கடலுக்குள் போகிறவர் என்று தெருவில் பார்த்தால் சொல்லவே முடியாது என்றும். பிறகு பேச்சு எப்படியோ கடல் பக்கம் போனது. எழுந்து உள்ளே போய்விட்டார்.

பெப்ரவரி 13, புதன்

3:41. 3:41. 3:41.

பெப்ரவரி 16, சனி

கடலில் மீண்டும். இம்முறை முழுத் தூரம். 66 நிமிடம். அலை இல்லாத நாள். மிதவை இல்லை, கூட்டமும் இல்லை. நான்கு நிமிட மிச்சத்தை வைத்துக்கொண்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பது? ஒரு உதை முகத்தில் விழுந்தால் ஒரு நிமிடம் போகும். நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்தால் இரண்டு.

தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது, சின்ன மாமாவின் படத்துக்கு அம்மா பூ மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "அவனும் நீந்தத் தெரிந்தவன்தான், பிள்ளை."

நான் அங்கேயே நின்றேன். துவாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 19, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. கங்காராமை விகாரைப் பக்கம் பெரஹரா ஊர்வலக் கூட்டம். வீட்டில் இருந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டேன்.

பெப்ரவரி 21, வியாழன்

இந்த வாரம் பயிற்சியைக் குறைத்து உடம்பை ஆறவிட வேண்டுமாம். ஆறவிட்டால் உடம்பு முறையிடத் தொடங்குகிறது. முழங்கால் வலி. தொண்டைக் கரகரப்பு. காலையில் இரண்டு தும்மல். சமஹன் மூலிகைத் தூள் கரைத்துக் குடித்தேன், பாதத்துக்குச் சித்தாலேப தைலம் பூசினேன். அலுவலகத்தில் இருமுகிறவரிடமிருந்து தள்ளி உட்கார்ந்தேன். மூன்று தரம் காற்று நிலவரம் பார்த்தேன்.

இரவு அண்ணா எடுத்து, "மழை பெய்தால் நடத்துவார்களா?" என்று கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். நான் எரிந்து விழுந்தேன்.

பெப்ரவரி 23, சனி

சைக்கிளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தேன். வரிசை வரிசையாக எத்தனை விலையுயர்ந்த சைக்கிள்கள்! என்னுடையதை நிறுத்தி, டயரில் கொஞ்சம் காற்று இறக்கினேன். வெயிலில் வெடித்துவிடக்கூடாது.

தண்ணீர் சூடாக இருப்பதால் உடம்பை மிதக்கவைக்கிற ரப்பர் உடுப்பு கிடையாது. எல்லோருக்கும் ஒரே கடல்.

காலிமுகத்திடலில் நின்று பார்த்தேன். கடலை நிரப்பிய புதுமண் ஒரு பக்கம். மறுபக்கம் பட்டம் விற்கிறவர்கள், இறால் வடை வண்டி. நாளை காலை இதே இடம்.

அம்மாவிடம், "வருகிறீர்களா?" என்று கேட்டேன். "ஓடுகிற நேரத்துக்கு வருகிறேன்" என்றார்.

பெப்ரவரி 24, ஞாயிறு

இரவு 9:40. கால் கட்டிலுக்கு வெளியே. மறப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு எழும்பினேன். பாண், பட்டர், தேநீர். பாணின் கடைசித் துண்டு இறங்கவே இல்லை. கணுக்காலில் நேரம் பதிகிற சிப். கையில் இலக்கம்.

எங்கள் முறை வந்து தண்ணீருக்குள் போனதும் எவருடையவோ குதிக்கால் என் கண்ணாடியில் பட்டது. இடது கண்ணுக்குள் கடல். நின்று கண்ணாடியைச் சரிசெய்யும்போது பின்னால் வந்தவர் என் மேலால் போனார். நெஞ்சு மறுபடியும் அடைத்தது. மல்லாந்தேன். ஊதினேன், ஊதினேன். காவல் படகில் இருந்த பையன் கையை உயர்த்தி, "வேண்டுமா?" என்று சைகை காட்டினான். வேண்டாம் என்று தலையசைத்தேன். படகைப் பிடித்து இளைப்பாறுவதற்கு விதியில் இடம் உண்டு, ஆனால் பிடித்தால் நான் விடமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மிதவைகள். ஒன்று, அடுத்தது, அடுத்தது. திரும்பியபின் தலை உயர்த்தும்போதெல்லாம் தாமரைக் கோபுரம் தெரிந்தது. அதை நோக்கியே கை போட்டேன். கீழே ஒரு தரமும் பார்க்கவில்லை. சின்ன மாமாவை நினைத்தேன். அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டும் இருந்தேன், தண்ணீருக்குள் குமிழி குமிழியாக. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

மணல் கைவிரலில் தட்டியது. எழுந்து நின்றேன். கடிகாரத்தில் 1:03. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் ஓடிய வெள்ளைக்காரர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சைக்கிள் 90 கிலோமீற்றர். வழக்கமாகப் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போகிற தெருக்கள் இன்று எங்களுக்காகத் திறந்து கிடந்தன. கொழும்புத் தெரு இவ்வளவு அகலமா? முன்னால் போகிறவருக்கும் நமக்கும் 12 மீற்றர் இடைவெளி இருக்கவேண்டும், அவருடைய காற்று மறைப்பில் ஒளியக்கூடாது. எனக்கு ஒளியவும் தேவைப்படவில்லை. எள்ளுருண்டையை நேரம் பார்த்துத் தின்று, 3 மணி 38 நிமிடத்தில் இறங்கினேன்.

ஓட்டம் வேறு உலகம். உச்சி வெயில். தார் கொதிக்கிறது. ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் ஐஸ் வாங்கித் தொப்பிக்குள் போட்டேன், அடுத்த மேசைக்குள் அது கரைந்து முதுகால் வடிந்தது. 12ஆவது கிலோமீற்றரில் தொடை பிடித்துக்கொண்டது. நடந்தேன். பிறகு விளக்குக் கம்பத்துக்கு விளக்குக் கம்பம் ஓட்டமும் நடையும். 187 மணித்தியாலம் மிதித்த மனிதரை நினைத்து ஓடினேன்.

அம்மா நின்றார். ஓரத்தில், குடையோடு, என் மருமகனை, அண்ணாவின் பையனை, பிடித்துக்கொண்டு. நான் நிற்கவில்லை, நின்றால் மறுபடி கால் எழாது. கிட்ட வந்தபோது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தனை மணிக்குக் கரை ஏறினாய்?"

சொன்னேன். சொல்லிக்கொண்டே ஓடினேன்.

மொத்தம் 7 மணி 49 நிமிடம். எல்லை எட்டரை.

பெப்ரவரி 25, திங்கள்

படி இறங்க முடியவில்லை. பக்கவாட்டில் இறங்குகிறேன். அலுவலகத்துக்கு லீவு.

நேற்றுக் காலை நடந்ததை மருமகன் இன்றுதான் சொன்னான். அவன் கையில் போன். போட்டிக்காரர் இருக்கும் இடத்தைக் காட்டுகிற செயலி. அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் "பார், வந்துவிட்டாளா பார்" என்றாராம். தேநீர் ஆறிப்போனதாம். என் பெயருக்குப் பக்கத்தில் நீச்சல் நேரம் விழுந்ததும், "மாமி கரைக்கு வந்துவிட்டா, அம்மம்மா... இல்லை, அப்பம்மா" என்று இவன் குழறியிருக்கிறான். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து அரிசி கழுவப் போனாராம். இரண்டு சுண்டு போடவேண்டிய இடத்தில் நாலு சுண்டு போட்டிருக்கிறார். இன்றைக்கும் பழஞ்சோறுதான்.

பெப்ரவரி 28, வியாழன்

வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. விழும்.

மார்ச் 2, சனி

எல்லோரும் பதக்கத்தைக் காட்டச் சொல்கிறார்கள். காட்டுகிறேன். அத்தனை பேரும் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள், வெயிலைப் பற்றி. நீச்சலைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல இருப்பது அது ஒன்றுதான்.

சேர் எடுத்தார். சோளகம் தொடங்கினால் இந்தப் பக்கக் கடலில் இறங்க முடியாது, அதற்குமுன் இன்னும் சில வாரம் இருக்கிறது என்றார். நாளை ஐந்தே முக்கால், கல்கிசை. புதுக் கண்ணாடி வாங்கவேண்டும், பழையதில் இடப்பக்கம் தண்ணீர் கசிகிறது.