பஸ் டிரைவர் என்னை "மை லவ்வர்"னு கூப்பிட்ட கதையும், பக்கத்து வீட்டு சைடர் பாட்டும்

நெய்ல்ஸீக்கு குடிவந்த மொத வாரம். பிரிஸ்டல்ல ஆஸ்பத்திரி வேல, வாடகை கொஞ்சம் கம்மியா இருக்கேன்னு இந்த ஊர புடிச்சேன். காலைல பஸ்ஸுல ஏறி கார்ட தட்டுறேன், அறுவது வயசு இருக்கும் அந்த டிரைவருக்கு, என் மூஞ்சியப் பாத்து சிரிச்சுகிட்டே "தேங்க்யூ மை லவ்வர்"ங்கறாரு. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. தேனிப் பக்கத்துல இருந்து வந்தவ நான், ஊர்ல ஒரு டிரைவர் இப்படி சொல்லியிருந்தா எங்க மாமா பஸ்ஸையே மறிச்சிருப்பாரு. சீட்டுல உக்காந்து யாருகிட்ட கம்ப்ளைன்ட் பண்றதுன்னு யோசிச்சுகிட்டு இருக்கறப்பவே அடுத்த ஸ்டாப்புல ஒரு பாட்டி கைத்தடியோட ஏறுனாங்க, அவங்களுக்கும் அதே "மை லவ்வர்". அப்பறம்தான் உசுரு வந்துச்சு. வார்டுல போயி சொன்னா சிரிச்சு உருள்றாங்க. நம்ம ஊர்ல காய்கறிக்காரம்மா "என்ன கண்ணு வேணும்"னு கேக்கும்ல, அவ்ளோதான் அது.

இங்கிலாந்தோட தென்மேற்கு மூலை இது, வெஸ்ட் கன்ட்ரின்னு சொல்றாங்க, சாமர்செட், டெவன், அந்தப் பக்கமெல்லாம். லண்டன்காரன் முழுங்கிடுற "ர்" சத்தத்த இவங்க நல்லா உருட்டி சொல்லுவாங்க, அதனால என்னோட இங்கிலீஷ் லண்டன விட இங்கதான் சட்டுன்னு புரியுதுன்னு எனக்கு ஒரு நெனப்பு. இன்னொன்னு, "ஸ" வர்ற எடத்துல எல்லாம் பழைய ஆளுங்க ஒரு ரீங்காரம் போடுவாங்க, அந்த எழுத்தே நம்ம தமிழ்ல கெடையாது, சைடர்னா ஆப்பிள் சாற புளிக்க வச்ச சரக்கு, அது ஜைடர், சாமர்செட்டு ஜம்மர்செட்னு எழுதிக்கறேன், வண்டு பறக்கற மாதிரி நீங்களே சொல்லிப் பாத்துக்குங்க.

சரி பாட்டுக்கு வர்றேன்.

பக்கத்து வீட்டுல ஒரு தாத்தா. எம்பது தாண்டிட்டாரு, வாழ்நாள் பூரா பண்ணை வேல பாத்தவரு. ஞாயித்துக்கிழம ஆனா கராஜ் கதவ தொறந்து வச்சுகிட்டு பழைய ரெக்கார்ட் பிளேயர்ல பாட்டு போடுவாரு. நைட் ஷிப்ட் முடிச்சு நான் தூங்கப் போற நேரம் பாத்து அக்கார்டியன் இழுக்கும், கூடவே கல்யாண பேண்டு செட்டுல ஒருத்தர் தோள்ல மாட்டிகிட்டு வருவாரே பெரிய்ய்ய குழல், அது "பூம் பூம்"ங்கும், நடுநடுல ஒரு கூட்டமே "ஊ ஆர், ஊ ஆர்"னு கத்தும். சண்ட போடலாம்னுதான் போனேன். போனவள ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு டீ குடுத்து, ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டாரு, ரெண்டு மணி நேரம். தூக்கம் போச்சு, ஆனா அன்னைக்கு கேட்டதுதான் இன்னைக்கு எழுதுறேன்.

அந்த கோஷ்டி பேரு வர்ஸல்ஸ். மாட்டுக்கு தீவனமா போடுற ஒரு பெரிய பீட்ரூட் வகை கெழங்கு இருக்கு, மேங்கல்வர்ஸல்னு, அதுலேருந்து வெட்டி எடுத்த பேரு. மாட்டுத்தீவனத்த எவனாவது இசைக்குழுவுக்கு பேரா வைப்பானா? வச்சவரு ஆட்ஜ் கட்லர். 1930ல இங்க பக்கத்துல இருக்கற போர்டிஸ்ஹெட்ல பொறந்து இந்த நெய்ல்ஸீலயே வளந்தவரு. இந்த ஊர்லயே இருந்த கோட்ஸ் சைடர் கம்பெனில வேல பாத்திருக்காரு, அப்பறம் இதே சாமர்செட்டுல பொறந்த கிளாரினெட் கலைஞர் ஆக்கர் பில்க்கோட ரோடு மேனேஜரா சுத்தியிருக்காரு. 1966ல கோஷ்டி ஆரம்பிச்சு, அதே வருஷம் நவம்பர்ல நெய்ல்ஸீ ராயல் ஓக் பப்புலயே ஜனங்கள உக்கார வச்சு மொத ரெக்கார்ட நேரடியா பதிவு பண்ணிட்டாங்க. தாத்தா அன்னைக்கு அங்க இருந்தாராம், அந்த கைதட்டல்ல ஒண்ணு அவரோடதாம், ஊசிய தூக்கி தூக்கி அதே எடத்துல வச்சு "இது நான்தான், இது நான்தான்"ங்கறாரு. ஆயிரம் கைதட்டல்ல தன் கைதட்டல கண்டுபுடிக்கற மனுஷன்கிட்ட என்னத்த வாதாடறது.

அவங்களோட மொத ஹிட்டு "ட்ரிங்க் அப் தை ஜைடர்". சைடர குடிச்சு முடிடா, ராத்திரி இன்னும் மிச்சம் இருக்குங்கற மாதிரி பாட்டு. 1967ல பிரிட்டனோட ரெக்கார்ட் விற்பனை சார்ட்டுல 45வது எடம், அதுக்கு மேல ஏறல. அதே தட்டோட பின்பக்கத்துல இருந்த பாட்டு கொஞ்சம் பச்சையா இருக்குன்னு பிபிசி போட மாட்டேன்னுடுச்சாம். ஆனா சார்ட்ட விடுங்க, இங்க பிரிஸ்டல் சிட்டி ஃபுட்பால் ஆளுங்க வாய்ல இன்னைக்கும் இருக்கற பாட்டு அது.

மத்த பாட்டுங்களோட தலைப்ப பாத்தாலே போதும். வயலுக்கு குப்பை அடிக்கறதுல சாம்பியன் ஆன ஒருத்தனப் பத்தி ஒண்ணு. ஸ்டான்டன் ட்ரூங்கற குட்டி கிராமத்துக்கு ஐரோப்பிய காமன் மார்க்கெட், அதாவது இப்ப இருக்கற ஐரோப்பிய யூனியனோட பழைய வடிவம், வந்தா என்ன ஆகும்னு ஒண்ணு, பிரிட்டன் அதுல சேந்தது 1973ல, இவரு பாடுனது அதுக்கு ரொம்ப முன்னாடி. இப்ப பிரெக்ஸிட் எல்லாம் முடிஞ்சப்பறம் தாத்தா அத போட்டு சிரிக்கறாரு, என்ன பக்கம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாரு.

எல்லா பாட்டுலயும் ஊர் பேரு வந்துகிட்டே இருக்கும், பில், செவ் மேக்னா, அது இதுன்னு, வெளியூர்க்காரனுக்கு ஒண்ணும் புரியாது. எனக்கு அதுதான் புடிச்சுது. நான் இந்தப் பக்கத்து மேப்ப கத்துகிட்டதே இந்த பாட்டுலதான், பஸ் போர்டுல பேரப் பாத்தா மனசுக்குள்ள பாட்டு ஓடும்.

ஆட்ஜ் 1974 மே மாசம் ஹெரஃபோர்டுல கச்சேரி முடிச்சுட்டு கார்ல திரும்பி வர்றப்ப விபத்துல போயிட்டாரு. 43 வயசுதான். இத சொல்றப்ப மட்டும் தாத்தா ரெக்கார்ட நிறுத்திட்டாரு.

இனிமே என்னன்னு எல்லாரும் நெனச்சப்போ மிச்சம் இருந்த மூணு பேரு சேந்து 1976ல ஒரு பாட்டு விட்டாங்க பாருங்க, "காம்பைன் ஹார்வெஸ்டர்". ஜூன்ல ரெண்டு வாரம் நாடு பூரா நம்பர் ஒன். கதை என்னன்னா ஒரு விவசாயி பக்கத்து காட்டுக்காரிய பொண்ணு கேக்கறான், எப்படி கேக்கறான், உன் நெலம் எத்தன ஏக்கரு என் நெலம் எத்தன ஏக்கருன்னு கணக்கு போட்டுட்டு, எங்கிட்ட புது கதிரறுக்குற மெஷின் வேற இருக்கு, சாவிய தர்றேன் வர்றியாங்கறான். நான் சிரிச்ச சிரிப்புல தாத்தாவுக்கே சந்தேகம் வந்துருச்சு, இவளுக்கு எப்படி இவ்ளோ புரியுதுன்னு. ஐயா, எங்க ஊர்ல பொண்ணு பாக்க வந்தவங்க கேட்ட மொத கேள்வியே தோப்பு எத்தன குழி, கெணறு பங்கா தனியாங்கறதுதான், இதுல எனக்கு புரியாம என்ன இருக்கு.

இதுல வேடிக்க என்னன்னா மெட்டு அவங்களோடது இல்ல. அமெரிக்க பாடகி மெலனி 1971ல பாடுன ரோலர் ஸ்கேட்ட பத்தின பாட்டோட மெட்டு, அதுக்கு இந்த டிராக்டர் வரிகள அயர்லாந்து காமெடியன் பிரெண்டன் கிரேஸ் 1975லயே பாடிட்டாரு, வர்ஸல்ஸ் அத எடுத்து சாமர்செட் பேச்சுல போட்டு வெளுத்துட்டாங்க. அடுத்து வந்த "ஐ ஆம் எ சைடர் ட்ரிங்கர்", அதுவும் மூணாவது எடம் வரைக்கும் போச்சு, அது டச்சு கோஷ்டி ஒண்ணு பாடுன வெள்ளப் புறா பாட்டோட மெட்டு. அக்கார்டியன் வாசிச்ச டாமி பேனர் ஸ்காட்லாந்துக்காரரு! அமெரிக்கா மெட்டு, அயர்லாந்து வரி, ஸ்காட்லாந்து அக்கார்டியன், கேட்டா சாமர்செட்டோட மண்வாசன பாட்டு. வார்டுல இத ஒரு டாக்டர்கிட்ட சொன்னேன், "அதெல்லாம் நாட்டுப்புற பாட்டே இல்ல, காமெடி"ன்னு மூக்க சுழிச்சாரு. எனக்கு அது ஒப்பல. ஆடி மாசம் எங்க ஊரு அம்மன் கோயில் ஸ்பீக்கர்ல ஓடுறது பாதி சினிமா மெட்டுலதான், யாராவது வந்து "இது பக்தியே இல்ல"ன்னு சொன்னா மைக் செட்டுக்காரனே அடிப்பான்.

நாட்டுப்புற பாட்டுன்னா எதுன்னு தீர்மானிச்சதும் இதே சாமர்செட்லதான், அது தனிக்கத. 1903ல செசில் ஷார்ப்னு ஒரு மியூசிக் வாத்தியாரு ஹேம்பிரிட்ஜ் கிராமத்து பாதிரியார் வீட்டுக்கு வந்திருக்காரு, தோட்டத்துல புல்லு வெட்டிகிட்டு இருந்த தோட்டக்காரர் முணுமுணுன்னு ஒரு காதல் பாட்டு பாடுனத கேட்டு அப்படியே நோட்டுல எழுதிகிட்டாரு. அந்த தோட்டக்காரர் பேரு என்ன தெரியுமா, ஜான் இங்கிலாந்து. கதையா இருந்தா எடிட்டர் வெட்டிருப்பாரு, நெசமாவே அதான் பேரு. அப்பறம் ஷார்ப்பு சைக்கிள எடுத்துகிட்டு ஊர் ஊரா சுத்தி ஆயிரக்கணக்குல பாட்டு சேத்தாரு, பெரிய வேல, மறுக்கல. ஆனா புத்தகமா போடறப்ப கொச்சையா இருந்த வரிகள தொடச்சு சுத்தமாக்கி, பள்ளிக்கூடத்துல புள்ளைங்க பாடற மாதிரி ஆக்கிட்டாங்க. அவங்க தொடச்சு வெளிய தள்ளுனதத்தான் ஆட்ஜ் கட்லர் அறுவது வருஷம் கழிச்சு பப்புல போயி பொறுக்கிட்டு வந்தாருன்னு நான் நெனைக்கறேன்.

இத்தன பாட்டுல சைடர் ஏன் இப்படி ஓடுதுங்கறதுக்கும் காரணம் இருக்கு. இங்க அந்தக் காலத்துல பண்ணைக்கூலில ஒரு பங்கே சைடர்தான். எங்க பக்கம் கூலிக்கு நெல்லளந்தாப்புல இவங்க சைடரளந்துருக்காங்க. காலைல வேலைக்கு கெளம்பறப்ப குட்டி மரப்பீப்பா ஒண்ண இடுப்புல மாட்டிகிட்டு போவாங்களாம், அறுப்பு நேரத்துல இன்னும் ஜாஸ்தி. 1887ல சட்டம் போட்டுதான் கூலிய சாராயமா குடுக்கறத நிறுத்துனாங்க. 1763ல சைடருக்கு வரி போட்டு, அதிகாரி வீட்டுக்குள்ளயே பூந்து பாக்கலாம்னு சொன்னப்ப இந்தப் பக்கமே கொந்தளிச்சு, மூணே வருஷத்துல வாபஸ் வாங்க வச்சிருக்காங்க. நர்ஸுங்கறதால எனக்கு புடிச்ச சங்கதி வேற ஒண்ணு, டெவன்ல சைடர் குடிச்சவங்களுக்கு வயித்து முறுக்கு வந்து கை கால் விழுந்துகிட்டு இருந்துச்சாம், 1767ல ஜார்ஜ் பேக்கர்னு ஒரு டாக்டர்தான் சைடர் ஆலைல போட்டிருந்த காரீயம்தான் காரணம்னு கண்டுபுடிச்சாரு.

அக்டோபர்ல ஒரு நாள் தாத்தா என்னை ஒரு பண்ணைக்கு கூட்டிட்டு போனாரு. மரத்தடில கொட்டிக் கெடந்த ஆப்பிள ஒண்ண எடுத்து தொடச்சு கடிச்சேன், சிவப்பா அழகா இருக்கேன்னு. ஐயோ. வாழப்பூவ பச்சையா மென்னாப்புல ஒரு தொவர்ப்பு, நாக்கு மேலண்ணத்துல போயி ஒட்டிக்கிச்சு. தாத்தா கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிக்கறாரு, வேணும்னேதான் சொல்லாம விட்டிருக்காரு. திங்கற ஆப்பிள் வேற, சைடர் ஆப்பிள் வேற, இந்த தொவர்ப்புதான் சரக்குக்கு உசுராம். ஷெட்டுக்குள்ள ஆப்பிள அரச்சு, முன்னாடியெல்லாம் வைக்கோல், இப்ப துணி, அதுல மடிச்சு அடுக்கடுக்கா வச்சு மேலேருந்து அழுத்தறாங்க, அந்த அடுக்குக்கு பேரு "சீஸ்". சொட்டு சொட்டா இல்ல, நாலாப்பக்கமும் வழிஞ்சு பழுப்பா ஓடுது, கொழவி வேற சுத்திகிட்டு. அப்படியே புதுசா ஒரு டம்ளர் குடிச்சேன், கரும்புச்சாறு தோத்துரும்.

போன வருஷத்து சரக்கும் பீப்பாய்ல இருந்துச்சு. ஸ்க்ரம்பின்னு சொல்றாங்க, கலங்கலா, கேஸ் இல்லாம, புளிப்பும் தொவர்ப்புமா. எங்கம்மா இத படிக்கமாட்டாங்கன்ற நம்பிக்கைல சொல்றேன், அர கிளாஸ் குடிச்சேன். ஒண்ணும் தெரியலையேன்னு எந்திரிச்சேன், முட்டிக்கு கீழ என்னோடது இல்ல. கார்ல திரும்பி வர்றப்ப நானும் தாத்தாவும் "ஊ ஆர்" பாடிகிட்டு வந்தோம், ஓட்டுனது அவரு மக, அந்தம்மா ஒரு வார்த்த பேசல.

ஜனவரி 17 ராத்திரி வாஸெயில். ஆப்பிள் மரத்துக்கு பாட்டு பாடி நல்லா காய்க்கச் சொல்ற சடங்கு, இதே சாமர்செட்டுல கார்ஹேம்ப்டன்ல நடக்கறதுதான் பேர்போனது, நாங்க போனது பக்கத்துலயே ஒரு சின்னத் தோப்பு. ஏன் 17ன்னா, இது கிறிஸ்துமஸ் கழிச்சு பன்னெண்டாம் ராத்திரி, ஜனவரி ஆறாந்தேதி வாக்குல வர்ற சடங்கு, 1752ல நாடு காலண்டர மாத்துனப்ப பதினோரு நாள் காணாப்போச்சுல்ல, இவங்க பழைய கணக்கையே புடிச்சுகிட்டு நிக்கறாங்க. "காலண்டர் மாறுனது மரத்துக்கு எப்படி தெரியும்?"ங்கறாரு தாத்தா. சைடர்ல நனச்ச ரொட்டித் துண்ட கெளைல மாட்டறாங்க, ராபின் குருவிக்காம், வேர்ல கொஞ்சம் சைடர் ஊத்துனாங்க, சகதில நின்னு எல்லாரும் பாடுனோம், பழைய பாட்டு முடிஞ்சதும் எவனோ வர்ஸல்ஸ் பாட்ட எடுத்து விட, மொத பாட்ட விட அதுக்குத்தான் சத்தம் ஜாஸ்தி. கெட்ட ஆவிய வெரட்ட துப்பாக்கி சுடுவாங்கன்னு என்கிட்ட யாரும் சொல்லல. அஞ்சாறு பேரு ஒண்ணா மரத்துக்கு மேல சுட்டதுல நான் போட்ட "அய்யோ அம்மா"தான் வீடியோல பெருசா கேக்குது.

அத அப்படியே குடும்ப குரூப்புல போட்டுட்டு தூங்கிட்டேன். காலைல அம்மாவோட வாய்ஸ் மெசேஜ், "ஏண்டி, அங்கயும் காணும் பொங்கலுக்கு வெடி போடுறாய்ங்களா? அதென்ன பக்கத்துல நிக்கற கெழவன் கையில டம்ளரு, டீயா?"

டீதான்னு சொல்லிட்டேன்.