எல்லோ லேப் மீன் டேங்க்ல ஜாவா மாஸ் வளர்ந்த கதை

சென்னை கொளத்தூர் மீன் கடைங்கள்ல போய் சிக்லிட் மீன் டேங்க்குக்கு செடி கேட்டுப் பாருங்க, முக்கால்வாசி கடையில ஒரே பதில்தான் வரும், "அதெல்லாம் நிக்காது சார், ஒரே நைட்ல பிடுங்கிப் போட்டுடும், பிளாஸ்டிக் செடி வெச்சுக்கோங்க". எனக்கு வீடு பெரம்பூர், அங்கிருந்து கொளத்தூர் பக்கம்தான், அதனால மாசத்துக்கு ரெண்டு தடவையாவது போயிடுவேன், போறப்பல்லாம் இதையேதான் கேட்டிருக்கேன். அவங்க சொல்றது பொய்யில்ல. என்கிட்ட 3 அடி டேங்க்ல 8 எல்லோ லேப் இருக்கு, மஞ்சள் கலர் சிக்லிட் மீன். ஒரே ஒரு கடையில மட்டும் "இது சிக்லிட்டுக்கு ஓகே"ன்னு சொல்லி கபோம்பா, அமேசான் ஸ்வார்டுன்னு ரெண்டு செடி கொடுத்தாங்க, ஆசை ஆசையா நட்டு வெச்சேன், காலைல எழுந்து பார்த்தா கபோம்பா வெறும் குச்சி, ஸ்வார்டு வேரோட மேல மிதக்குது. அந்த கோவம் இன்னும் எனக்குப் போகல.

ஆனா மீனைக் குத்தம் சொல்ல முடியாதுங்க. இதெல்லாம் ஆப்பிரிக்காவுல மலாவி ஏரியில பாறை இடுக்குல வாழற ஜாதி, பாறைமேல படிஞ்சிருக்கற பாசியையும் அதுக்குள்ள இருக்கற பூச்சியையும் கொத்தித் தின்னே பழகினது, கூடவே மணலை வாயில அள்ளி அள்ளித் துப்பிக் குழி தோண்டும். அப்போ மணல்ல வேர் விடற செடியும் வேணாம், மெல்லிசு இலையும் வேணாம், கல்லைப் பிடிச்சு வளர்றதுதான் வேணும்னு புரிஞ்சுது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அப்புறம் கல்லு மேல பாசி மாதிரி படர்ற ஜாவா மாஸ், இந்த மூணு செடிதான் எனக்கு நின்னது. அனுபியாஸ் இலை தடியா தோல் மாதிரி இருக்கும், ஒரு தடவை கொத்திப் பார்த்துட்டு விட்டுடும். ஆனா ஒண்ணு, அனுபியாஸ், ஃபெர்ன் ரெண்டுக்கும் படுத்த மாதிரி ஒரு தண்டு இருக்கும் பாருங்க, அதை மட்டும் மணலுக்குள்ள புதைச்சுடாதீங்க, அழுகிடும்.

மாஸ் விஷயத்துலதான் நான் நிறைய கஷ்டப்பட்டேன். முதல்ல தையல் நூல்ல கட்டினேன், நூலையே இழுத்து அவுத்துடுச்சுங்க. அப்புறம் ஃபெவிக்விக் பசையால ஒட்டினேன். கல்லைத் துணியில ஈரம் போகத் துடைச்சுட்டு, மாஸை பொடியா நறுக்கி, சின்னச் சின்ன பொட்டா பசை வெச்சு மெல்லிசா பரப்பி அழுத்தணும், கெட்டியா அப்பினா அடியில வெளிச்சம் படாம பழுப்பாயிடும். அப்புறம்தான் முக்கியமான வேலை, கல்லை நேரா மீன்கிட்ட கொண்டு போகாம தனி பக்கெட்ல ஒரு மாசம் வெச்சேன். புது துளிர் வெளிர்பச்சையா கல்லு மேல ஒட்டிப் பிடிச்சு ஏறினப்புறம்தான் டேங்க்ல இறக்கினேன், கொத்துச்சுங்க, ஆனா பிடுங்க முடியல. தினம் ஸ்பைருலினா பெல்லட்டும் வாரத்துல ரெண்டு நாள் வேக வெச்ச பசலைக்கீரையும் போடறேன், வயிறு நிறைஞ்சிருந்தா மாஸ் பக்கம் ரொம்ப வர்றதில்ல.

தண்ணி விஷயத்துல நம்ம ஊரு போர் தண்ணி உப்பா கடுசா இருக்குன்னு எல்லாரும் அலுத்துக்குவாங்க, எங்க அம்மா மீனுக்கும் ஆர்ஓ தண்ணியே ஊத்துன்னு இன்னும் சொல்லிட்டிருக்காங்க, ஆனா மலாவி மீனுக்கு பிஎச் 7.8ல இருந்து 8.6 வரைக்கும் இருக்கற கடின தண்ணிதான் வேணும். இந்தத் தண்ணியில நாடா மாதிரி நீள இலை விடற வாலிஸ்னேரியாவும் நல்லா வருமாம், அந்தச் செடி மலாவி ஏரியிலயே இருக்கு, தண்ணியில இருக்கற பைகார்பனேட்டையே எடுத்து வளரும். வேரைச் சுத்தி கல்லு அடுக்கி ஒரு தடவை நட்டுப் பார்க்கணும்.

நம்ம ஊருல மாஸுக்கு உண்மையான எதிரி மே மாசம். டேங்க் தண்ணியே 32 டிகிரி போயிடுது, போன வருஷம் நுனியெல்லாம் பழுப்பாச்சு, மீனும் மேல வந்து வாயைத் திறந்துட்டு நின்னுச்சு. மூடியை எடுத்துட்டு மேல சின்ன ஃபேன் ஒண்ணு தண்ணியைப் பார்த்து வெச்சேன், ஆவியாகி ரெண்டு டிகிரி குறைஞ்சுது, உயிர் பிழைச்சுது எல்லாம். தண்ணி சீக்கிரம் குறையும், தினம் ஊத்தணும்.

ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி பெரிய சிக்லிட் வெச்சிருக்கறவங்க இதை ட்ரை பண்ணாதீங்க, பணம் தண்டம். மேல் ஃபில்டர் பெட்டியில மணி பிளான்ட் வேரை மட்டும் விடுங்க, இலை வெளியில தொங்கட்டும், நைட்ரேட்டை அது இழுத்துக்கும், மீனுக்கும் எட்டாது.

போன வாரம் மாஸ் ரொம்ப அடர்ந்துடுச்சுன்னு கத்தரிக்கோல்ல வெட்டி பக்கெட்ல போட்டேன். பொம்பளை மீன் ஒண்ணு மூணு வாரமா வாயிலயே முட்டையை வெச்சு அடைகாத்துக்கிட்டு சாப்பிடாம ஃபெர்னுக்குப் பின்னாடியே நின்னுட்டு இருந்துச்சு, ரெண்டு நாளா தாடை சுருங்கி திரும்ப தீனிக்கு வந்துடுச்சு, குட்டியெல்லாம் மத்ததுங்க தின்னுருக்கும்னு நானும் மனசைத் தேத்திக்கிட்டேன். வெட்டின மாஸை பக்கத்து வீட்டுத் தம்பியோட கப்பி டேங்க்குக்குக் கொடுக்கலாம்னு அலசறேன், ஏதோ துள்ளுது. வெளிர் மஞ்சள்ல, குட்டியூண்டு மீன், கண்ணு மட்டும் பெருசா. பக்கெட்டை வெயில்ல வெச்சு குனிஞ்சு எண்ணினேன், 5 இருந்துச்சு.