ரசீது இல்லாத இழப்பு

வான்கூவர் பக்கத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்க்கிறேன். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, கடை எரிந்தது என்று வருவதையெல்லாம் பிரித்து அதனதன் கட்டத்தில் போடுகிற வேலை. நேதன் இ. ஸ்டூவர்ட் என்ற கப்பலின் விபத்து விவகாரத்தையும் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். எதற்குப் பணம் கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது?

2016 அக்டோபர் 13, நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமார். அலாஸ்காவில் எரிபொருளை இறக்கிவிட்டு, காலி பார்ஜோடு, அதாவது எண்ணெய் ஏற்றும் மிதவையோடு, திரும்பிக்கொண்டிருந்த அந்த டக் என்னும் இழுவைக் கப்பல், பிரிட்டிஷ் கொலம்பியா கரையில் பெல்லா பெல்லாவுக்கு மேற்கே கடலடிப் பாறையில் மோதித் தரைதட்டியது. கப்பலைச் செலுத்தும் பணியில் இருந்த இரண்டாம் மேட் என்ற அதிகாரி தூங்கிவிட்டார். திரும்ப வேண்டிய இடத்தில் கப்பல் திரும்பவில்லை. சுமார் 1,10,000 லிட்டர் டீசல் கடலில் கலந்தது. அது டக் தன் ஓட்டத்துக்காக வைத்திருந்த எண்ணெய். பார்ஜ் நிறைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே வேண்டாம்.

அது ஹெய்ல்ட்சுக் என்ற பூர்வகுடி மக்களின் கடல். கேல் பாஸ் கரையில் மட்டி தோண்டுவார்கள். வசந்தத்தில் கெல்ப் பாசிமேல் ஹெர்ரிங் மீன் இடும் முட்டையைப் பாசியோடு எடுத்துச் சாப்பிடுவார்கள். டீசல் கலந்ததும் மட்டி எடுப்பது நின்றது. விற்கிற மட்டி என்றால் வருமான இழப்பு என்று ஒரு கட்டம் உண்டு. துப்புரவுச் செலவுக்கும் உண்டு. எந்தக் கரையில், எந்த வற்றத்தில் தோண்டுவது என்று பேரப்பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்க முடியாமல் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கப்பல் மாசுக்கான கனடா சட்டத்தில் பண்பாட்டு இழப்புக்கு இடமில்லை. எங்கள் ஆபீஸ் படிவத்திலும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஹெய்ல்ட்சுக் மக்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று தாங்களே விசாரித்து 2017இல் அறிக்கை வெளியிட்டார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப்பட்டது அடுத்த ஆண்டு வந்தது. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் பூர்வகுடிச் சட்ட ஆய்வுப் பிரிவின் துணையோடு, க்விலாஸ் என்ற தங்கள் மரபுச் சட்டத்தின்படி தாங்களே ஒரு தீர்ப்பு எழுதினார்கள். பெரியவர்கள் சொன்ன கதைகள்தான் அதில் முன்தீர்ப்புகள்.

மதுரையில் வக்கீலாக இருக்கும் என் அண்ணனிடம் இதைச் சொன்னேன். “கதையை எப்படிப்பா கோர்ட்டில் காட்டுவது?” என்றார். பூர்வகுடிகளின் நில உரிமை பற்றிய 1997 டெல்கமூக் வழக்கிலேயே வாய்மொழி வரலாற்றுக்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று கனடா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது என்றேன். “சாட்சியம் வேற, சட்டம் வேற” என்றார். நியாயம்தான். ஆனால் ஹெய்ல்ட்சுக் குழு அதைச் சாட்சியமாக எங்கும் கொண்டுபோய் நிற்கவில்லை, சட்டமாகவே எடுத்துத் தீர்ப்புச் சொன்னது. அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கப்பல் கம்பெனியான கிர்பி குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2019 ஜூலையில் சுமார் 29 லட்சம் டாலர் அபராதம். கோர்ட் பெல்லா பெல்லாவிலேயே கூடியது. ஆனால் அபராதம் வேறு, இழப்பீடு வேறு. அதற்கு முந்தைய மாதம்தான் வட கரைக்கான டேங்கர் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தது. 12,500 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயோ எளிதில் சிதைந்து மறையாத கனமான எண்ணெயோ ஏற்றிய கப்பல்கள் அங்கே துறைமுகங்களில் நிற்கக் கூடாது. நல்ல சட்டம். டீசல் மட்டும் அதில் வராது!

2018லேயே ஹெய்ல்ட்சுக் மக்கள் மாகாண உச்ச நீதிமன்றத்தில் சிவில் வழக்கும் போட்டார்கள். கம்பெனியோடு கனடா அரசும் மாகாண அரசும் பிரதிவாதிகள். இழப்பீட்டோடு அந்தக் கரையும் கடலடித் தரையும் தங்களுக்கு உரிமையானவை என்று அறிவிக்கவும் கேட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்புக்கு அது வழக்குக்குச் சம்பந்தமில்லாத கோரிக்கையாகத் தெரியலாம். கிளெய்ம் பார்க்கிற எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் மேசைக்கு எந்தக் கோப்பு வந்தாலும், சேதத் தொகையைப் பார்க்கும் முன்பே நான் கேட்பது, பொருள் யார் பெயரில் இருக்கிறது என்றுதான்.